தகப்பனையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

 

ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால், அல்ஹம்துலில்லாஹ், தெருவே பார்க்கப் போகிறது. பிள்ளை யார் ஜாடை, எடை எவ்வளவு, பால் போதுமா, பெற்றவளுக்குத் தையல் ஆறிவிட்டதா, பத்தியம் சரியாக நடக்கிறதா என்றெல்லாம் கேட்கிறோம். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். அந்த நேரத்தில் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு, டீ வாங்கத் தூக்கை எடுத்துக்கொண்டு ஒருவர் அங்கும் இங்கும் போய் வருவார். அவர்தான் பிள்ளையின் அத்தா. அவரிடம் நாம் கேட்பது ஒன்றே ஒன்று: "என்ன மாப்பிள்ளை, அகீகா எப்ப?"

அவர் எப்படி இருக்கிறார் என்று ஏன் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பிரசவத்துக்குப் பின் பெண்களுக்கு மனச்சோர்வு வரக்கூடும் என்பது இப்போது ஓரளவு தெரிந்த செய்தி. ஆண்களுக்கும் அது வருகிறது என்பது பலருக்குப் புதிதாக இருக்கும். பல நாடுகளில் நடந்த 43 ஆய்வுகளை, மொத்தம் சுமார் 28,000 பேரின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2010இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. மனைவி கருவுற்றது முதல் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரையிலான காலத்தில் ஏறத்தாழ 10 தகப்பன்மாரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்ததாக அதில் தெரியவந்தது. பிள்ளைக்கு 3 முதல் 6 மாதம் ஆகும்போது அது மிக அதிகமாகக் காணப்பட்டது. மனைவிக்கு மனச்சோர்வு இருந்தால் கணவருக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் தெரிந்தது.

இந்த 3 முதல் 6 மாதம் என்ற கணக்கை நம் வீட்டு வழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். ஏழாம் நாள் அகீகா, முடி இறக்குதல். நாற்பது கழிந்ததும் பெண்ணுக்குக் குளிப்பு. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையையும் தாயையும் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். (காயல்பட்டினம், கீழக்கரை போல மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்கும் ஊர்களின் வழக்கம் வேறு.) அதுவரை தகப்பன் வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரும் விருந்தாளி. பெண்ணின் தாயாரும் சாச்சிமார்களும் கையில் தாங்கிய பிள்ளை, அன்று முதல் இரவு முழுக்க அவர் அறையில் அழுகிறது. பார்க்க வந்த கூட்டம் வருவதில்லை. வாங்கிய கடனுக்கு முதல் தவணை வந்து நிற்கிறது. ஊர் அவரை மறந்துவிட்ட மாதத்தில்தான் அவருக்கு உண்மையிலேயே தகப்பன் வேலை தொடங்குகிறது.

இதில் உடலுக்கும் பங்கு இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் 600க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2011இல் வெளியானது. தகப்பனான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மைச் சுரப்பு குறைந்திருந்தது. பிள்ளையைத் தூக்கி வளர்ப்பதில் அதிக நேரம் செலவிட்டவர்களுக்கு இன்னும் குறைவாக இருந்தது. இது நோய் அல்ல. பிள்ளையின் பக்கம் மனம் சாய இறைவன் வைத்த ஏற்பாடு என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனாலும் ஆண் உடல் எதற்கும் அசையாத தூண் என்ற எண்ணம் சரியல்ல என்பதற்கு இது சான்று. இதோடு தூக்கக் கேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறந்த பிள்ளை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழும். வாரக்கணக்கில் ஒரு மனிதனைத் தொடர்ந்து தூங்கவிடாமல் செய்தால் நல்ல மனமும் தடுமாறும்.

ஆண்களிடம் இந்த நோய் அழுகையாக வருவது குறைவு. கோபமாக வரும். சோற்றில் உப்புக் குறைந்ததற்குத் தட்டைத் தள்ளிவிடுவார். இஷா முடிந்தும் வீட்டுக்கு வராமல் கடைத்தெருவில் உட்கார்ந்திருப்பார். தேவையில்லாமல் கூடுதல் நேரம் வேலை பார்ப்பார், அல்லது இரவு இரண்டு மணி வரை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பார். பிள்ளையைத் தூக்கச் சொன்னால் ஏதாவது சாக்கு. விட்டிருந்த சிகரெட் திரும்பி வரும். சிலருக்கு நெஞ்சு படபடப்பு, தலைவலி, வயிற்று எரிச்சல். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை என்பார்கள். அவர் அடுத்த டாக்டரைத் தேடிப் போவார். பிள்ளை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வரவில்லை என்பது முக்கியமான அடையாளம். அசதியால் வரும் சோர்வுக்குத் தூக்கம் மருந்து. மனச்சோர்வில் அந்தத் தூக்கமே பிடிக்காது.

வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்துவிடுகிறார்கள். "பிள்ளை பிறந்ததிலிருந்து குணம் மாறிட்டாரு" என்பார் மனைவி. "அவ வந்த பிறகுதான் என் பிள்ளை இப்படி ஆயிட்டான்" என்பார் மாமியார். பிறகு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஜமாஅத் அலுவலகத்தில் எதிரெதிராக உட்காருவார்கள். நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். இளம் தம்பதியின் பிரச்சினை பஞ்சாயத்துக்கு வந்தால், யார் என்ன சொன்னார் என்ற கணக்குக்குப் போகும் முன், பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேளுங்கள். ஒரு வயதுக்குள் என்றால் இருவரையும் முதலில் டாக்டரிடம் அனுப்பலாம். தலாக், குலா பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மனைவி மேல் கை ஓங்குவதற்கு எந்த நோயும் சாக்கு ஆகாது. அந்த இடத்தில் முதல் கடமை பெண்ணையும் பிள்ளையையும் காப்பதுதான். வைத்தியம் அதற்கு அடுத்தது.

காரணம் என்று பார்த்தால் பெரும்பாலும் பணத்தில் தொடங்குகிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் இன்னும் அதிகம். சுகப்பிரசவத்துக்கு என்று எடுத்து வைத்த பணம் ஒரே இரவில் போதாமல் போகிறது. நகை அடகுக்குப் போகிறது. அதற்கு மேல் அகீகாவைக் கல்யாணம் போலச் செய்யச் சொல்லி உறவினர்களின் நெருக்கடி. அகீகா வசதி உள்ளவருக்குச் சுன்னத். கடன் வாங்கிப் பந்தல் போடச் சொல்லி மார்க்கம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இதைத் தகப்பன் சொன்னால் கஞ்சன் என்பார்கள். ஆகவே பெரியவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

சபுராளிகளின் நிலை தனி. கர்ப்பம் உறுதியான செய்தியை வீடியோ காலில் கேட்டு, ஸ்கேன் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்து, பிள்ளையின் வலது காதில் சொல்ல வேண்டிய பாங்கையும் கைப்பேசி வழியாகச் சொன்ன தகப்பன்மார் நம் மஹல்லாவில் ஒருவர் இருவர் அல்ல. அறையில் எட்டுப் பேருக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு, அன்று இரவு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுததை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். ஒன்றரை வருடம் கழித்து விடுப்பில் வந்தால் பிள்ளை அவரைப் பார்த்து அலறிக்கொண்டு தாயின் முந்தானைக்குள் ஒளிகிறது. நாம் சிரிக்கிறோம். அவரும் சேர்ந்து சிரிக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் தகப்பனிடம் பேசும்போது, இன்னது வேண்டும், இன்ன தேதிக்குள் அனுப்புங்கள் என்பதோடு அழைப்பை முடிக்காதீர்கள். பிள்ளை இன்று குப்புற விழுந்ததைச் சொல்லுங்கள். அவர் குரலைத் தினமும் பிள்ளைக்குக் கேட்க வையுங்கள். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேளுங்கள். "ஒண்ணுமில்லை, நல்லா இருக்கேன்" என்ற பதிலோடு விட்டுவிடாமல், இன்னொரு தடவை கேளுங்கள்.

பிரசவ அறை வாசலில் நடப்பதும் சிலரின் மனதைவிட்டுப் போவதில்லை. மனைவிக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை, கையெழுத்துப் போடுங்கள், நான்கு பேரை இரத்தம் கொடுக்க அழைத்து வாருங்கள் என்று நர்ஸ் வந்து சொல்லும்போது அவருக்கு இருபத்தாறு வயது இருக்கும். தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பியிருக்கலாம். ஆனால் மாதங்கள் கழித்தும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் உடல் நடுங்குகிறது, அந்த மருத்துவமனைத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறார், தூக்கத்தில் திடுக்கிட்டு எழுகிறார் என்றால் அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டிய ஒன்று.

பிள்ளை தங்காமல் போன வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயிற்றிலேயே இறந்த பிள்ளை, பிறந்து சில மணி நேரம் மட்டுமே இருந்த பிள்ளை. தாய் மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பாள். அந்தச் சின்ன உடலைத் துணியில் சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்து வருபவர் தகப்பன். பெயர் வைப்பவர் அவர். கபருக்குள் இறங்கித் தன் கையால் வைத்துவிட்டு ஏறுபவரும் அவர்தான். பத்துப் பதினைந்து பேர் வந்திருப்பார்கள், அரை மணியில் எல்லாம் முடியும். மறுநாள் கடை திறப்பார். பார்ப்பவர்கள் எல்லாம், "வீட்ல எப்படி இருக்காங்க? தைரியம் சொல்லுங்க" என்பார்கள். அவருக்குத் தைரியம் சொல்ல ஆள் இல்லை. "அல்லாஹ் வேற பிள்ளை கொடுப்பான், இன்ஷா அல்லாஹ்" என்று நல்லெண்ணத்தில் சொல்கிறோம். கொடுப்பான்தான். ஆனால் அவர் மண்ணில் வைத்துவிட்டு வந்த பிள்ளைக்கு அது ஆறுதல் அல்ல. அந்த வாரம் அவர் கடைக்குப் போய்ப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பிள்ளைக்கு வைத்த பெயரைச் சொல்லிக் கேளுங்கள். துஆவில் அந்தப் பெயரைச் சேருங்கள்.

நபி (ஸல்) அவர்கள் தங்கள் மகன் இப்ராஹீமைக் கையில் ஏந்தியபோது, பிள்ளையின் உயிர் பிரியும் வேளையில், கண்ணீர் விட்டார்கள். அருகில் இருந்த தோழர் வியந்து கேட்டபோது, அது இரக்கம் என்று விளக்கினார்கள். யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துக்கத்தில் பார்வையையே இழந்ததைச் சூரா யூசுஃப் கூறுகிறது. அவர்கள் நபி. பொறுமையை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள். அவர்களின் துக்கத்தை யாரும் ஈமான் குறைவு என்று சொல்லவில்லை. ஆகவே மனம் சோர்ந்த தகப்பனைப் பார்த்து, "தொழுகையில் குறை இருக்கும், அதான்" என்று சொல்வதை நாம் விட வேண்டும். மனச்சோர்வு உள்ளவர் ஃபஜ்ருக்கு எழ முடியாமல் தவிப்பதும், தொழுகையில் மனம் நிற்காததும் நோயின் விளைவாகவே பல நேரம் இருக்கும். அதைக் குற்றமாகச் சொன்னால் அவர் பள்ளிவாசலுக்கு வருவதையும் நிறுத்திக்கொள்வார்.

இங்கே வஸ்வாஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பலர் வெளியே சொல்லப் பயப்படும் விஷயம் இது. பிள்ளையைத் தூக்கி நிற்கும்போது, "கை நழுவிக் கீழே போட்டுவிட்டால்?" என்று ஓர் எண்ணம். மாடிப்படியில், "நானே போட்டுவிடுவேனோ?" என்று அதைவிடக் கொடிய எண்ணம். இப்படிப்பட்ட வேண்டாத எண்ணங்கள் புதிதாகத் தாய் தகப்பன் ஆனவர்களுக்கு வருவது சகஜம். அந்த எண்ணத்தைக் கண்டு அவர் பதறுவதே, அப்படிச் செய்யும் நோக்கம் அவருக்கு இல்லை என்பதைக் காட்டுகிறது. வந்து போனால் கவலைப்பட வேண்டாம். ஓயாமல் வந்து, அதற்குப் பயந்து பிள்ளையைத் தொடுவதையே விட்டுவிட்டால் வைத்தியம் தேவை. இதுவும் குணமாகும் நோய்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல் நலத்துக்கும் உள நலத்துக்குமாகச் சேர்த்து ஒரு நூல் எழுதினார். பயம், கோபம், துக்கம் ஆகியவற்றோடு வஸ்வாஸையும் தனியாக எடுத்து அதில் பேசியிருக்கிறார். மனநோய் வைத்தியம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு என்போர் இதை அறிந்துகொள்வது நல்லது.

ஓதிப் பார்ப்பதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. துஆ முஃமினின் ஆயுதம். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாவல் தேடும் துஆவை நபி (ஸல்) அவர்களே கற்றுத்தந்திருக்கிறார்கள். வைத்தியம் செய்துகொள்ளச் சொன்னவர்களும் அவர்களே. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை விடுவதுதான் தவறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்ததை நம் தலைமுறை மறக்க முடியாது. மனநோயைப் பேய், செய்வினை என்று நினைத்து வைத்தியம் இல்லாமல் வைத்திருப்பதன் கடைசிப் படி அது. இன்று அதே ஏர்வாடியில் தர்காவுக்கு வருபவர்களுக்கு அரசு மனநல மருத்துவர்களின் சிகிச்சையும் கிடைக்கிறது. துஆவும் மருந்தும் ஒரே இடத்தில்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? டாக்டர்கள் முதலில் கேட்கும் இரண்டு கேள்விகளை வீட்டிலேயே கேட்கலாம். கடந்த இரண்டு வாரங்களில் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்து, நம்பிக்கை அற்றுப் போயிருந்ததா? வழக்கமாகப் பிடித்த காரியங்களில்கூட நாட்டம் இல்லாமல் போனதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் டாக்டரைப் பார்ப்பது நல்லது. மனைவி கேட்டால் ஆண்கள் மழுப்புவார்கள். மச்சானோ, கூடப் படித்தவரோ, வண்டியில் போகும்போது அல்லது மீன் வாங்க நிற்கும்போது கேட்டால் பதில் வரும். முகத்துக்கு நேரே உட்காரவைத்து விசாரணை போலக் கேட்காதீர்கள்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். போகத் தயங்குபவர்கள் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். லேசான சோர்வுக்குப் பேச்சுவழி ஆலோசனையே போதும். மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நான்கு நாள் சாப்பிட்டுவிட்டுக் கேட்கவில்லை என்று நிறுத்துவது வீண். மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் மாத்திரைகள் தூக்க மாத்திரை அல்ல, போதைப் பழக்கமாக மாறுவதும் இல்லை. அதே நேரம் குணமாகிவிட்டது என்று நீங்களாகத் திடீரென விடவும் கூடாது. டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ரமலானில் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். தினம் ஒரு வேளை மாத்திரை என்றால் அதை இஃப்தாருக்குப் பின்போ ஸஹரிலோ மாற்றிக்கொள்ள டாக்டர் பெரும்பாலும் வழி சொல்வார். லித்தியம் என்ற மருந்து சாப்பிடுபவர்களுக்கு மட்டும் உடலில் நீர் குறைவது ஆபத்து. அவர்கள் டாக்டரையும் ஆலிமையும் கேட்காமல் நோன்பு பிடிக்க வேண்டாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

"நான் இல்லாமல் இருந்தால் உங்களுக்கெல்லாம் நிம்மதி", "இன்சூரன்ஸ் பணமாவது பிள்ளைக்கு ஆகும்" என்பது போன்ற வார்த்தை ஒருவர் வாயிலிருந்து வந்தால் அதைக் கோபத்தில் சொன்னதாக எண்ணி விடாதீர்கள். நம் நாட்டில் தற்கொலை செய்துகொள்பவர்களில் 100க்கு 70 பேரளவில் ஆண்கள். அப்படிச் சொன்னவரை அன்று இரவு தனியே விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஓர் ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், அல்லது அவர் பக்கத்தில் இருந்தபடியே 14416ஐ அழையுங்கள். அவர் வெளிநாட்டில் இருந்தால், அவரோடு அறையில் தங்கியிருக்கும் ஊர்க்காரர் ஒருவரின் எண் வீட்டில் யாரிடமாவது இருக்க வேண்டும். அந்த எண் இல்லாத வீடுகள் இன்றே வாங்கி வையுங்கள்.

வெளியே தெரிந்தால் தங்கைக்கு மாப்பிள்ளை அமையாது என்ற பயத்தில்தான் பல வீடுகளில் மூடி மறைக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைக்கும் உரிமையை நோயாளிக்குத் தந்திருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. இரவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, கணவன் மனைவி இருவருக்கும் நான்கு ஐந்து மணி நேரமாவது முறியாத தூக்கம் கிடைக்கச் செய்யலாம். அதற்கு மாமியார் ஒரு வேளை பிள்ளையை வாங்கிக்கொண்டால் பெரிய உதவி. பெண் வீட்டார், மாப்பிள்ளை வரும்போது பிள்ளையை அவர் கையில் கொடுங்கள். குளிப்பாட்டவும் துணி மாற்றவும் விடுங்கள். "உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை இதெல்லாம்" என்பது மரியாதையாகத் தெரியலாம். ஆனால் அது அவரைப் பிள்ளையிடமிருந்து தள்ளி வைக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்குத் தகப்பன் விடுப்பு 15 நாள் உண்டு. தனியார் வேலைக்கு அப்படிச் சட்டம் இல்லை. நம் சமுதாயத்தில் கடை வைத்து நாலு பேருக்கு வேலை கொடுப்பவர்கள் நிறைய இருக்கிறீர்கள். உங்களிடம் வேலை பார்க்கும் பையனுக்குப் பிள்ளை பிறந்தால் ஒரு வாரம் சம்பளத்தோடு அனுப்புங்கள். மூன்றாம் மாதம் இன்னும் இரண்டு நாள் கொடுங்கள்.

நமது அறக்கட்டளையில் பிரசவ உதவி பெற்ற குடும்பங்களைப் பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்போது மறுபடி சந்திக்க நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது. பெண்களைப் பெண்கள் குழுவினரும், தகப்பனை ஆண் உறுப்பினர் ஒருவரும் தனியே சந்திப்பார்கள். அரசு மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்றால் வருவோம். பயணச் செலவுக்கு இயலாதவர்களுக்குப் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கப்படும். பெயர் எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படாது, செலவுச் சீட்டில் "மருத்துவ உதவி" என்று மட்டுமே இருக்கும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அலுவலகம் திறந்திருக்கும். அங்கே வரச் சங்கடப்படுபவர்கள் இமாம் ஹஜ்ரத்திடம் சொல்லி அனுப்பினாலும் போதும், நாங்களே வந்து பார்க்கிறோம்.